புதுச்சேரிப் பள்ளிப் புவியியலில் சூழல்தொகுதியும் வாழிடமும்: பாடநூல் வகைப்பாடுகள் பற்றிய ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ள நிலையில், புவியியல் பாடத்தில் சூழல்தொகுதி, வாழிடம், அவற்றின் பாதுகாப்பு ஆகிய கருத்துகள் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. காடுகளை மழையளவால் வகைப்படுத்தும் அட்டவணை, பாதுகாப்பைச் சரணாலயப் பட்டியலாகக் காணும் நோக்கு, ஐந்திணையைச் சூழலியல் அட்டவணையாகக் குறுக்கும் போக்கு, தமிழ்க் கலைச்சொற்களின் பொருள்மயக்கம் ஆகியன சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு, ஊசுட்டேரி, நகரக் கடற்கரை ஆகிய உள்ளூர்ச் சான்றுகளோடு ஒப்பிட்டுத் திறனாயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பள்ளிப் புவியியல், புதுச்சேரி, சூழல்தொகுதி, வாழிடம், ஊசுட்டேரி, உலர் பசுமைமாறாக் காடு, ஐந்திணை, கலைச்சொல்.

முன்னுரை

புதுச்சேரிக்கெனத் தனிப் பாடத்திட்ட வாரியம் என்றுமே இருந்ததில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1 அன்று நடைமுறை அளவிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்ட அளவிலும் விடுபட்ட பின்னர், புதுச்சேரி, காரைக்கால் பகுதிப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடநூல்களையும், மாஹே பள்ளிகள் கேரளப் பாடநூல்களையும், ஏனாம் பள்ளிகள் ஆந்திரப் பாடநூல்களையும் பின்பற்றின. ஓர் ஆட்சிப்பகுதி மூன்று மாநிலங்களின் புவியியலைப் படித்தது. தொடக்க வகுப்புகள் முன்னரே மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருக்க, 2023–24, 2024–25 ஆகிய கல்வியாண்டுகளில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் மாறின. தனியார் பள்ளிகள் பலவற்றில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் தொடர்கிறது.

இம்மாற்றம் குறித்த பொதுவிவாதம் பெரும்பாலும் தமிழ்ப்பாடத்தின் இடம், தேர்ச்சி விழுக்காடு, நுழைவுத் தேர்வு ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்ந்தது. புவியியல் பாடம் பற்றிப் பேச்சு எழவில்லை. பாடங்களுள் நிலத்தோடு நேராகப் பிணைந்தது புவியியலே. இயற்பியல் விதி புதுச்சேரியிலும் புதுதில்லியிலும் ஒன்றுதான். காடும் ஏரியும் கடற்கரையும் அவ்வாறல்ல. எனவே பாடநூல் மாறும்போது மாணவர் எந்த நிலத்தைத் தம் நிலமாகக் கற்கிறார் என்பதும் மாறுகிறது.

பழைய நிலையைப் பொற்காலமாகக் காட்டுவது பிழை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் தமிழ்நாட்டுப் புவியியலுக்கெனத் தனி அலகுகள் உள்ளன. அவற்றைப் படித்த புதுச்சேரி மாணவர் அண்டை மாநிலத்தின் இயற்கைப் பிரிவுகளைத் தேர்வுக்காகக் கற்றார். தம் ஊரின் பெயர் அவ்வலகுகளின் பேசுபொருளன்று. எனினும் அங்கு ஒரு தற்செயலான நன்மை இருந்தது. புதுச்சேரிப் பகுதி ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தமிழ்நாட்டு நிலத்துக்கிடையே துண்டுதுண்டாகச் சிதறிக் கிடப்பது. ஆறும் மண்ணும் மழையும் இருபுறமும் ஒன்றே. பெயர் இல்லாவிடினும் நிலம் இருந்தது. இப்போதைய நூல்களில் நிலமும் தொலைவுக்குச் சென்றுவிட்டது.

மழையளவும் காட்டின் வகையும்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் ஒன்பதாம் வகுப்புப் புவியியல் நூலான ‘சமகால இந்தியா’வில் இயற்கைத் தாவரம், காட்டுயிர் பற்றிய இயல் எண்ணிக்கைகளோடு தொடங்குகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 47,000 தாவர இனங்கள் உள்ளன, அவ்வகையில் நாடு உலகில் பத்தாவது இடத்திலும் ஆசியாவில் நான்காவது இடத்திலும் நிற்கிறது என்பன போன்ற செய்திகள் மாணவரை வரவேற்கின்றன. அடுத்து ஐந்து தாவர வகைகள்: வெப்பமண்டலப் பசுமைமாறாக் காடு, இலையுதிர் காடு, முட்காடும் புதரும், மலைக்காடு, அலையாத்திக் காடு. முதல் மூன்றையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் ஆண்டு மழையளவு. 200 சென்டிமீட்டருக்கு மேல் பசுமைமாறாக் காடு; 100 முதல் 200 வரை ஈர இலையுதிர் காடு; 70 முதல் 100 வரை உலர் இலையுதிர் காடு; 70க்குக் கீழ் முட்காடு.

இவ்வட்டவணையைப் புதுச்சேரிக்குப் பொருத்திப் பார்க்கலாம். இங்கு ஆண்டு மழை 120 முதல் 130 சென்டிமீட்டரை ஒட்டியது. அட்டவணைப்படி இங்கு இயல்பாக வளர வேண்டியது ஈர இலையுதிர் காடு. ஆனால் இக்கரையின் இயல்பான காடு அதுவன்று. சோழமண்டலக் கரையை ஒட்டிய குறுகிய பட்டையில் வளர்வது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. சாம்பியன், சேத் ஆகியோர் 1968இல் வெளியிட்ட இந்தியக் காட்டுவகைப் பகுப்பில் இது தனித்தொகுதியாக, ஏழாவது தொகுதியாக இடம்பெறுகிறது. வீரை, உலக்கைப்பாலை, காயா, கருங்காலி, நாவல் முதலான மரங்கள் இதன் உறுப்புகள். மரங்கள் உயரத்தில் குறைந்தவை. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை. ஆண்டில் ஆறு மாத அளவுக்கு வறட்சி நிலவியும் இக்காடு இலையுதிர்த்து நிற்பதில்லை.

இது ஏன் என்பது புவியியல் வகுப்பறைக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த வினாக்களுள் ஒன்று. விடையின் ஒரு பகுதி மழையின் அளவில் அன்று, மழையின் காலத்தில் உள்ளது. இக்கரைக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. நாட்டின் பிற பகுதிகள் வறளத் தொடங்கும்போது இங்கு மண் நனைகிறது. கோடையில் இடையிடையே வரும் மழையும் கடற்காற்றின் ஈரமும் சிறிது துணைசெய்கின்றன. தென்மேற்குப் பருவத்தை அச்சாகக் கொண்டு, ஆண்டு மொத்தத்தை மட்டும் அளவுகோலாக்கிய அட்டவணை இந்நிலத்தில் தவறான விடையைத் தருகிறது. விதிவிலக்கை விட்டுவிடுவது பாடநூலுக்கு இயல்புதான். நாட்டளவில் எழுதப்படும் நூல் ஒவ்வொரு கரைக்கும் இடமளிக்க இயலாது என்பதும் நியாயமே. ஆனால் இங்கு நேர்வது விடுபாடு மட்டுமன்று. அட்டவணையைச் செம்மையாகக் கற்ற மாணவர், தம் ஊருக்கு அதைப் பயன்படுத்தும் அளவுக்கு அறிவுடையவராக இருந்தால், பிழையான முடிவுக்கு வருவார். மனப்பாடம் செய்து விட்டுவிடும் மாணவர் பிழையிலிருந்து தப்புவார். கற்றலைத் தண்டிக்கும் வகைப்பாடு என இதனைக் கூறுவது மிகையாகாது.

தமிழ்நாட்டுப் பாடநூலும் இதில் மேம்பட்டதன்று. தமிழ்நாட்டின் காடுகளை வகுக்கும் இடத்தில் அது பசுமைமாறாக் காடு, மலைக்காடு, இலையுதிர் காடு, அலையாத்திக் காடு, முட்புதர்க் காடு என்னும் ஐந்தையே கூறுகிறது. தமிழகக் கரைக்கே சிறப்பாக உரிய காட்டுவகையைத் தமிழ்ப் பாடநூல் பெயர் சொல்லாமல் கடப்பது மத்தியப் பாடநூலின் மௌனத்தைவிடக் கவலைக்குரியது.

அறிவு இல்லாமையால் நேர்ந்ததன்று இம்மௌனம். 1955இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1960கள் தொட்டுப் பத்து இலட்சத்துக்கு ஒன்று என்னும் அளவில் தீபகற்ப இந்தியாவின் தாவர நிலப்படங்களை வெளியிட்டது; கோசன், லெக்ரி ஆகியோர் அப்பணியில் முன்னின்றனர். அந்நிறுவனத்தில் பணியாற்றிய மெஹர்-ஹோம்ஜி சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு பற்றி விரிவாக எழுதினார். நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு இன்றும் அங்கேயே உள்ளது. கடற்கரையை ஒட்டிய அதே நகரில், சில தெருக்கள் தள்ளியுள்ள பள்ளியில், அக்காட்டின் பெயர் இல்லாத நூல் படிக்கப்படுகிறது. ஆய்வு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நிகழ்ந்தது, பள்ளிக்கு வரும் வழியில் அதைத் தமிழாக்க எவரும் பொறுப்பேற்கவில்லை என்பது காரணங்களுள் ஒன்றாகலாம்.

இக்காட்டின் எச்சங்கள் பெரும்பாலும் கோயில் காடுகளாகவே பிழைத்துள்ளன. புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்புத்துப்பட்டில் அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காடு தாவரவியலாரால் பலமுறை ஆராயப்பட்டது. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் அரிப்புண்ட செம்மண் மேட்டில் இவ்வகைக் காட்டை மீட்டெடுக்க முயன்றோர்க்கு இத்தகைய கோயில் காடுகளே விதைக் கருவூலமாயின. பத்தாம் வகுப்பு மத்தியப் பாடநூலின் காட்டுவளம், காட்டுயிர் பற்றிய இயல் புனிதக் காடுகளைப் பேசுகிறது என்பதை இங்குக் குறிக்க வேண்டும். முண்டா, சாந்தால் மக்களின் மரவழிபாடு, இராஜஸ்தானத்துப் பிஷ்னோய் ஊர்களின் வெளிமான்கள், சிப்கோ இயக்கம், ஒடிசாவில் 1988இல் தொடங்கிய கூட்டுக் காடு மேலாண்மை ஆகியவை அதில் உள்ளன. ஆய்வுக்குட்பட்ட இயல்களுள் மக்களைக் காட்டின் பகைவராகக் காணாத சிறந்த இயல் இதுவே. அதனைக் கற்பிக்கும் புதுச்சேரி ஆசிரியர் பிஷ்னோய் ஊருக்குப் பின் கீழ்புத்துப்பட்டையும் சேர்த்துக்கொள்ள ஒரு பத்தி போதும். அப்பத்தியை எழுதித்தரும் துணைநூல் தேவைப்படுகிறது.

நீக்கப்பட்ட இயல்கள்

பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் பாடச்சுமையைக் குறைக்கும் நோக்கில் மேற்கொள்ளப்பட்ட சீரமைப்பில் ஏழாம் வகுப்பின் ‘நமது சுற்றுச்சூழல்’ நூலிலிருந்து இயற்கைத் தாவரமும் காட்டுயிரும் பற்றிய இயல் நீக்கப்பட்டது. பதினோராம் வகுப்பின் இயற்கைப் புவியியல் நூலில், சூழல்தொகுதி என்னும் கருத்தை ஆற்றல் ஓட்டம், உணவுச் சங்கிலி, வேதிச் சுழற்சி ஆகியவற்றோடு விளக்கிய, புவியில் உயிர் பற்றிய இயல் நீக்கப்பட்டது. பல்லுயிர்மையும் பாதுகாப்பும் பற்றிய இயல் மட்டும் எஞ்சியது. இதன் விளைவு சிறிதன்று. எதைப் பாதுகாப்பது என்பதை விளக்கும் இயல் போய், பாதுகாக்க வேண்டும் என்று கூறும் இயல் நிற்கிறது. அறிவியல் பாடத்தில் இக்கருத்துகள் வருகின்றன என்பது நீக்கத்துக்குக் கூறப்படக்கூடிய சமாதானம். ஆனால் அறிவியல் பாடம் உணவுச் சங்கிலியை எந்த இடத்துக்கும் உரிய பொதுவிதியாகச் சொல்கிறது. அது எந்த ஏரியில், எந்த மாதத்தில், யாருடைய வயலுக்கு அருகில் நிகழ்கிறது என்று கேட்பது புவியியலின் வேலை. 1991இல் எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கப் பணித்ததும், 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைக்கச் சொன்னதும் இச்சூழலில் நினைக்கத்தக்கன.

ஏரி: இயற்கையா, செயற்கையா?

தமிழ்நாட்டின் ஒன்பதாம் வகுப்பு நூலில் உயிர்க்கோளம் பற்றிய அலகு சூழல்தொகுதியின் கூறுகளை முறையாகவே விளக்குகிறது. உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர் என்னும் பகுப்பு தெளிவாக உள்ளது. பின்னர் வெப்பமண்டலக் காடு, சவானா, பாலைவனம், தூந்திரம் என உலகளாவிய நிலத் தொகுதிகளுக்கு நூல் நகர்கிறது. புதுச்சேரியின் நிலத்தைப் பெரிதும் தீர்மானித்த வாழிடமாகிய ஏரி இவ்வரிசையில் பொருந்தும் இடம் எது என்பது விளங்கவில்லை. இயற்கையானது, மனிதரால் ஆக்கப்பட்டது என்னும் இருபாற் பகுப்பு பள்ளி நூல்களில் பரவலாக உள்ளது. அதன்படி ஏரி மனிதர் ஆக்கியது. எனவே இயற்கை வாழிடம் அன்று.

ஊசுட்டேரி இப்பகுப்பைத் தகர்க்கிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் இந்நீர்நிலை கரைகட்டி உருவாக்கப்பட்டது. செஞ்சிப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியே இதற்கு நீர் வருகிறது. பாசனத்துக்காக எழுந்த இவ்வேரி பன்னாட்டு அளவில் முக்கியப் பறவைப் பகுதியாக ஏற்கப்பட்டுள்ளது. கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நாமக்கோழி, வலசைவரும் வாத்துகள் எனப் பல பறவைகள் கரைகட்டியவர் யார் என்று கேட்பதில்லை.

ஊசுட்டேரியின் மற்றொரு தன்மை பாடத்துக்கு இன்னும் பயன்தரக்கூடியது. அதன் ஒரு பாதி புதுச்சேரியிலும் மறுபாதி விழுப்புரம் மாவட்டத்திலும் உள்ளது. புதுச்சேரி தன் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் பகுதி சில ஆண்டுகள் கழித்தே அவ்வாறு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நீருக்கு நடுவே செல்லும் எல்லைக்கோட்டின் ஒருபுறம் பறவைக்குச் சரணாலயப் பாதுகாப்பு இருந்தது, மறுபுறம் இல்லை. சூழல்தொகுதியின் எல்லையும் ஆட்சி எல்லையும் வேறானவை என்னும் கருத்தை நூல்கள் ஒரு வாக்கியத்தில் கூறிச் செல்கின்றன. அதை ஒரே பார்வையில் காட்டும் இடம் மாணவரின் மிதிவண்டித் தொலைவில் உள்ளது.

பாதுகாப்பு என்பதன் பொருளும் இங்கே சிக்கலாகிறது. பாடநூல்களில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் பட்டியல்: 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1973இன் புலிகள் திட்டம், 1980இன் காடுகள் பாதுகாப்புச் சட்டம், தேசியப் பூங்காக்கள், உயிர்க்கோளக் காப்பகங்கள். மாணவர் ஆண்டுகளை நினைவில் கொள்கிறார்; அவ்வளவில் பாடம் முடிகிறது. ஊசுட்டேரியிலோ பாசன விவசாயிக்கு ஏரி நிறைந்து நிற்க வேண்டும். கரையோரச் சேற்றில் இரைதேடும் பறவைக்கு ஆழமற்ற நீர் வேண்டும். மீனவருக்கு வலைவீச உரிமை வேண்டும். மேய்ப்பருக்கு நீர் வடிந்த புல்வெளி வேண்டும். நகருக்கு நிலத்தடி நீர் ஊற வேண்டும். ஏரியைச் சீராக ஆழப்படுத்தித் தூர்வாரினால் முதலாமவர் மகிழ்வார், இரண்டாவது இழக்கும். இவற்றுள் எதுவும் தீய நோக்கமன்று. ‘மனிதச் செயல்களால் சூழல் அழிகிறது’ என்னும் பாடநூல் வாய்பாடு இவ்விடத்தில் எதையும் விளக்குவதில்லை, ஏனெனில் மனிதச் செயல் இல்லையேல் இவ்வேரியே இல்லை.

ஏரிப் பராமரிப்பின் வரலாறும் இவ்வாய்பாட்டுக்கு மறுப்பாக நிற்கிறது. பாகூர் ஏரி, தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழி நீர்பெறுவது. பாகூர் கிடைத்த இடமாகிய பல்லவன் நிருபதுங்கவர்மன் காலச் செப்பேடு, அவ்வூரின் கல்விச்சாலைக்கு ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பதிவுசெய்கிறது. ஏரிப்பாசன ஊரில் கல்விக்கு நிலவருவாய் துணைநின்ற ஒன்பதாம் நூற்றாண்டுச் சான்று அது. பிரெஞ்சு ஆட்சியில் பாசன விவசாயிகளின் சங்கங்கள் ஏரி, வாய்க்கால் பராமரிப்பில் பங்குகொண்டன. 1999இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளை எடுத்துக்கொண்டு பயன்படுத்துவோர் சங்கங்களை மீண்டும் அமைக்க முயன்றது. பாதுகாப்பு என்பது வேலியிடுதல் மட்டுமன்று, முறைவைத்துப் பயன்படுத்துதலும் ஆகும் என்பதற்கு இதைவிட அண்மையான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஐந்திணை அட்டவணை

உள்ளூர்மை வேண்டும் என்னும் கோரிக்கைக்குப் பாடநூலாசிரியர் கையில் எப்போதும் ஆயத்தமாக உள்ள விடை ஐந்திணை. 2024இல் வெளிவந்த ஆறாம் வகுப்புக்கான புதிய மத்தியப் பாடநூலின் நிலத்தோற்றங்கள் பற்றிய இயலும் சங்க இலக்கியத்தின் ஐவகை நிலங்களை எடுத்துக்காட்டுகிறது. நாடு முழுமைக்குமான நூலில் தமிழ்மரபு இடம்பெற்றது வரவேற்கத்தக்கது. ஆயினும் திணையை நிலம், மக்கள், தொழில் என்னும் கட்டங்களாக்கிச் சூழல்தொகுதிக்கு நிகராக வைக்கும் பொதுவழக்கம் இரண்டுக்கும் நியாயம் செய்வதில்லை.

தொல்காப்பியத்தில் முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். பள்ளி அட்டவணைகளில் நிலம் நிற்கிறது. பொழுது பெரும்பாலும் மறைகிறது. சூழலியல் நோக்கில் இழப்பு பொழுதிலேயே மிகுதி. மேலே கண்ட உலர் பசுமைமாறாக் காட்டின் புதிர் பொழுதின் புதிரே. அடுத்து, தொல்காப்பியம் பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை; முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் இயல்பு திரிந்த நிலையே பாலை என்னும் விளக்கத்தைச் சிலப்பதிகாரம் தருகிறது. நிலம் நிலையான வகையன்று, கெடவும் மீளவும் கூடிய நிலை என்னும் இக்கருத்தைப் பள்ளி அட்டவணை ‘மணலும் மணல் சார்ந்த இடமும்’ என்னும் ஐந்தாம் கட்டமாக உறையவைத்துவிடுகிறது. மூன்றாவதாக, திணைமயக்கத்தை இலக்கணமே ஏற்கிறது. அரியாங்குப்பம் கழிமுகத்தில், தேங்காய்த்திட்டை ஒட்டிய அலையாத்திகளிடையே, ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்குமிடம் மருதமா நெய்தலா என்று கட்டத்தில் குறிக்க இயலாது. இறுதியாக, திணை அகப்பொருள் இலக்கணம். அதன் உயிர் உரிப்பொருளில் உள்ளது. புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் நீங்கிய திணை கவிதையியலும் அன்று, சூழலியலும் அன்று.

திணையைப் புவியியல் வகுப்புக்குக் கொண்டுவர வேறு வழி இல்லாமலில்லை. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, பாணனை நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கு ஆற்றுப்படுத்துகிறது. எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியது என்றும் கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் ஆய்வாளர் கருதுவர். அதாவது, இந்நூல் நடந்துசெல்லும் நிலம் புதுச்சேரிக்கு வடக்கே அடுத்துக் கிடக்கும் நிலம். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லுந்தோறும் மண்ணும் உணவும் தொழிலும் மாறுவதை ஒரு நடைப்பயணமாகக் கூறும் இந்நூல், நிலக்குறுக்குவெட்டு வரையும் பயிற்சிக்கு அட்டவணையைவிட ஏற்றது. தமிழாசிரியரும் புவியியல் ஆசிரியரும் ஒரு பாடவேளையைப் பகிர்ந்துகொள்ளும் பள்ளி அமையுமாயின் இது இயலும். இன்றைய கால அட்டவணைகள் அதற்கு இடம் தருவதில்லை.

கலைச்சொற்கள்

1935இல் டான்ஸ்லி ஆங்கிலத்தில் ஆக்கிய சொல்லுக்குத் தமிழகப் பாடநூல்கள் ‘சூழ்நிலை மண்டலம்’ என்று வழங்கின. இலங்கைத் தமிழ் வழக்கு ‘சூழற்றொகுதி’. பின்னதே பொருத்தமானது. சூழ்நிலை என்பது இன்றைய தமிழில் அரசியல் சூழ்நிலை, குடும்பச் சூழ்நிலை என நிலைமையைக் குறிக்கும். மண்டலம் என்பதோ புவியியலிலேயே வெப்பமண்டலம், வளிமண்டலம் எனப் பரப்பையும் அடுக்கையும் குறித்துவிட்டது. அதற்கு முன்பே சோழமண்டலம் என ஆட்சிப்பரப்பைக் குறித்தது. எனவே ‘மண்டலம்’ எனக் கேட்கும் மாணவர் எல்லையுள்ள இடத்தை எண்ணுகிறார். உறவுகளின் பின்னலை எண்ணுவதில்லை. தொகுதி என்பதற்குச் சட்டமன்றத் தொகுதி என்னும் பொருள் முந்திவரும் இடர் உண்டு, அதிலும் 30 தொகுதிகளைக் கொண்ட புதுச்சேரியில். எனினும் தொகுத்தல் என்னும் வினை அச்சொல்லில் உயிரோடு இருக்கிறது. வாழிடம் நல்ல சொல்; விளக்கம் வேண்டாதது. ‘பாதுகாப்பு’ காவல்துறைக்கும் படைக்கும் சரணாலயத்துக்கும் ஒன்றாகவே வழங்குவதால், பயன்படுத்திக்கொண்டே காத்தல் என்னும் பொருளுக்குப் ‘பேணல்’ என்பதைப் பிரித்துவைப்பது நன்று.

இப்போதைய மாற்றத்தில் இவ்விவாதமே பொருளற்றதாகும் நிலை உள்ளது. மத்தியக் குழுமத்தின் நூல்கள் ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் வெளிவந்தவை. மாணவர் ஆங்கிலக் கலைச்சொல்லைத் தேர்வுக்கும், ஏரி, வாய்க்கால், மதகு, கழி, கரை என்னும் சொற்களை வீட்டுக்கும் வைத்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பன என்று எந்தப் பக்கமும் அவருக்குச் சொல்வதில்லை. மதகு என்ற சொல்லை அறிந்த பிள்ளைக்கு நீர்ச்சமநிலை என்னும் கருத்தில் பாதி முன்பே தெரியும். அவ்வறிவு வகுப்பறைக்குள் கணக்கில் வருவதில்லை.

கடற்கரை

அலையாத்திக் காடு என்றதும் மத்தியப் பாடநூல் கங்கைக் கழிமுகத்துச் சுந்தரி மரத்தையும் வங்கப் புலியையும் முன்னிறுத்துகிறது. காவிரி முதலான கிழக்குக் கரைக் கழிமுகங்கள் பெயரளவில் வருகின்றன. கடல்சார் நிலவியல் இயல்கள் அரிப்பையும் படிவையும் இயற்கை நிகழ்வாக விளக்குகின்றன. புதுச்சேரி நகரின் கடற்கரை இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சுவர்களின் தென்புறம் மணல் குவிந்தது; வடபுறம் நகரின் மணற்கரை காணாமற்போனது. கற்சுவர் கொட்டப்பட்டது, அரிப்பு வடக்கே நகர்ந்து, எல்லை கடந்து, தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரையிலான மீனவ ஊர்களை அடைந்தது. மணல் போனபோது கட்டுமரமும் படகும் ஏற்றிவைக்க இடமின்றிப் போயிற்று. வலை உலர்த்தும் களமும் ஆமை முட்டையிடும் கரையும் உடன் போயின. ஒரே மணற்கரை இரு உயிரினங்களின் வாழிடம் என்பதை இதனினும் எளிதாக விளக்க இயலாது. பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்குள் செயற்கைத் திட்டு அமைத்ததை அடுத்து நகரக் கரையில் மணல் மீண்டும் ஓரளவு படிந்தது.

இவ்வரலாற்றில் காரணம், விளைவு, எல்லை தாண்டும் தாக்கம், தொழில்நுட்பத் தீர்வு, அத்தீர்வின் வரம்பு ஆகிய அனைத்தும் உள்ளன. ஒன்பதாம், பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 20 மதிப்பெண் அக மதிப்பீட்டுக்கும் உரியவை. அக மதிப்பீட்டில் செயல்திட்டத்துக்கு ஒதுக்கப்படுவது 5. நூலை மாற்றும் அதிகாரம் புதுச்சேரியிடம் இல்லை. அந்த 5 மதிப்பெண்ணுக்கான பொருளைத் தேர்ந்தெடுப்பதில் பள்ளிக்குச் சிறிதளவேனும் இடம் உண்டு. நகரப் பள்ளிகளுக்குக் கடற்கரை நடைதூரம். வில்லியனூர் கொம்யூன் பள்ளிகளுக்கு ஊசுட்டேரியும், பாகூர் கொம்யூன் பள்ளிகளுக்குப் பாகூர் ஏரியும், அரியாங்குப்பத்துப் பள்ளிகளுக்குக் கழிமுகமும் அவ்வாறே.